அப்பா எடுக்காமல் போன மஞ்சள் கிளிப்

என் செல்ல இன்ஸ்பெக்டர் அப்பாவுக்கு,

போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று யாரும் எழுந்து நிற்க வேண்டாம். என் அப்பா வால்வு இன்ஸ்பெக்டர். ஓசூர் சிப்காட்டில் இஞ்சின் வால்வு செய்கிற கம்பெனியில், கடைசி மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் உன் வேலை. "பகலெல்லாம் வால்வு, வூட்டுக்கு வந்தா வாலு" என்று என் தலையில் குட்டுவாய். குட்டு என்றால் வலிக்காத குட்டு. அது இப்போது வலிக்கிறது.

உன் நினைவு நாளுக்கு சபைப் பத்திரிகையில் நாலு வரி எழுதித் தரச் சொல்லி பாஸ்டர் கேட்டார். நாலு வரியில் அடங்குகிற ஆளா நான்? அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் ஒட்டுக்கேட்கட்டும். நம் சபைக்கு அது ஒன்றும் புதுசு இல்லையே.

'போய்ச் சேர்ந்தவரை நீங்கன்னு எழுதுடி' என்று ஊத்தங்கரை அத்தை சொல்லிப் பார்த்தார்கள். என்னால் முடியவில்லை. ஜெபத்தில் ஆண்டவரை 'நீர்' என்கிறோம், உன்னை 'நீ' என்கிறேன். நடுவில் ஒரே ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்துத் தூரத்தில் நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

முதலில் நல்ல செய்தி சொல்கிறேன். என்னை இப்போது யாரும் திட்டுவதில்லை.

கெட்ட செய்தியும் அதுதான் அப்பா.

ஒட்டுக்கேட்பவர்களுக்கு நம் வீட்டுச் சட்டம் தெரியாது, சொல்லிவிடுகிறேன். உன் மேசையில் ரெண்டு டப்பா இருக்கும். வால்வில் சின்னப் பிசிறு, கீறல் என்றால் மஞ்சள் டப்பா. அது மறுபடி மெஷினுக்குப் போய்ச் சரியாகி வரும். ரீவொர்க் என்பாய். சரிசெய்யவே முடியாது என்றால் சிவப்பு டப்பா, ஸ்கிராப். சிவப்பில் விழுந்ததை அதற்குப் பிறகு யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. அதில் என்ன குறை என்றுகூடக் கேட்பதில்லை.

நான் சேட்டை பண்ணினால் நீ அடித்ததில்லை, கத்தினதும் இல்லை. பேசாமல் மொட்டை மாடிக் கொடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி கிளிப்பை எடுத்து வந்து என் காலரில் மாட்டுவாய். கெடுத்ததைச் சரிசெய்கிற வரைக்கும் அது அங்கேதான் இருக்க வேண்டும். கடைக்குப் போனாலும் டியூஷனுக்குப் போனாலும் கிளிப்போடுதான். "எஸ்தருக்கு மஞ்சள் ஏறிடுச்சுடோய்" என்று தெருப் பசங்க கொண்டாடுவார்கள்.

சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் "செரி பண்ணிட்டியா?" என்று கேட்பாய். தலையாட்டுவேன். நீயே கிளிப்பைக் கழற்றி, என் தலையில் கை வைத்து ஜெபிப்பாய். கிளிப் இறங்கினால் பேச்சும் இறங்கிவிடும். மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அம்மா இழுத்தால்கூட "அது நேத்தே ஓகே ஆகி டெஸ்பாட்ச் ஆயிடுச்சு" என்பாய்.

ஒருமுறை நான் கேட்டேன், ஞாபகம் இருக்கா? "கொடியில பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் இருக்கு. சிவப்பு கிளிப் மட்டும் ஏன்பா இல்ல?"

"பாக்கெட் வாங்கினதும் அதை மட்டும் பொறுக்கி எடுத்துத் தூக்கிப் போட்டுருவேன். இந்த வூட்டுல செகப்பு டப்பா கெடையாது."

சும்மா கதை விடுகிறாய் என்று நினைத்தேன். நீ போன பிறகு மாடிக்குப் போய்க் கொடி முழுக்கத் தேடினேன். நிஜமாகவே ஒன்றுகூட இல்லை.

கடைசி சேட்டைக்கு வருகிறேன். கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி. தண்ணீர் என்றாலே பதறுகிற ஊரில் அவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பதறுவார்கள். என் கிளாஸ் ரூபா போனிலிருந்து அவர்களைக் கூப்பிட்டு, ஆபீஸ் ஆள் மாதிரி குரலைக் கட்டையாக்கி, கன்னடத்தில், தண்ணீர் இனி சில நாளைக்கு வராது என்று சொன்னேன். அவ்வளவுதான். குடம், அண்டா, குக்கர், டிபன் பாக்ஸ், பூஜை அறைச் செம்பு என்று வீட்டில் வாய் திறந்திருந்த எல்லாவற்றிலும் நிரப்பிவிட்டார்கள். சமைக்கப் பாத்திரம் இல்லாமல் நம் வீட்டுக்கு வந்து ஒரு வாணலி கேட்டார்கள். அப்போது நான் சிரித்த சிரிப்பில்தான் மாட்டினேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது கிளிப்பை மாட்டினாய். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் என் காலர். "ஆன்ட்டி கிட்டப் போய் செரி பண்ணு. சாயங்காலம் வந்து நானே எடுக்கறேன்."

சரி பண்ணினேன் அப்பா. எல்லாத் தண்ணீரையும் சுமந்துபோய் அவர்கள் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினேன். குக்கரைத் துடைத்து வைத்தேன். "தப்பாயித்து ஆன்ட்டி" என்றேன். அவர்கள் சிரித்துவிட்டு "ஹோகலி பிடு" என்றார்கள். போகட்டும் விடு என்று அர்த்தம். மெடல் வாங்கப் போகிறவள் மாதிரி காலரை நிமிர்த்திக்கொண்டு கேட்டில் நின்றேன். பஸ் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நீ இறங்கவில்லை.

ஷிப்டு முடிகிற நேரம், கேன்டீனில் டீ வாங்க வரிசையில் நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதும் அந்தக் கிளிப் என் காலரில் இருந்தது. துப்பட்டாவைச் சரிசெய்ய வந்த அத்தை அதைப் பார்த்து, "இது என்னாத்துக்குடி இங்க" என்று கழற்றப் போனார்கள். கையைத் தட்டிவிட்டேன். அத்தை கோபப்படவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு, "கர்த்தர் யார் மேல அன்பு வெக்கிறாரோ அவங்களத்தான் சிட்சிப்பாரு, தண்டிச்சுத் திருத்துவாரு கண்ணு" என்று அழுதார்கள்.

"அப்ப எங்க மேல கொஞ்சம் கம்மியா அன்பு வெக்கச் சொல்லுங்க அத்தை" என்றேன்.

வேறு நாளாக இருந்தால் வாயிலேயே ஒன்று விழுந்திருக்கும். அன்றைக்கு அத்தை, "பாவம், புள்ளைக்குப் புத்தி கலங்கிடுச்சு" என்றார்கள்.

அன்றிலிருந்து என் பேரே மாறிவிட்டது அப்பா. எஸ்தர் இல்லை, பாவம். சபையில் பாவத்தைக் கழுவுகிறார்கள், என்னைப் பார்த்தால் மட்டும் பாவம் என்று தடவிக்கொடுக்கிறார்கள். கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் ரூபாவும் நானும் சேர்ந்து சாரின் வெள்ளைக் கோட்டுப் பையில் இன்டிகேட்டரை ஊற்றினோம். ரூபாவை வெளியே நிற்க வைத்தார். என்னைப் பார்த்து, "நீ போய் உக்காரும்மா" என்றார். மெதுவாக, உடைந்துவிடுவேனோ என்கிற மாதிரி.

"உனக்கென்னடி, லைசென்ஸ் இருக்கு" என்றாள் ரூபா. விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, வெயிலில் நிற்கிற அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். யாராவது என்னிடம் கோபப்பட மாட்டார்களா என்று ஏங்குவேன் என எப்போதாவது நினைத்திருப்பாயா நீ?

அப்போதுதான் புரிந்தது. சிவப்பு டப்பா என்றால் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அங்கே எதுவுமே நடக்காது. அதுதான் சிவப்பு டப்பா.

அம்மாவைப் பற்றிச் சொல்லவா? சொல்லத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துவிட்டேன். அம்மா இப்போது ரோஜாப் பண்ணையில் முள் நீக்கிக் கட்டுக் கட்டுகிற வேலைக்குப் போகிறாள். கை முழுக்கக் கீறல். வந்தால் ஒரு மூலையில் உட்கார்வாள். "சாப்பிட்டியா", "கதவச் சாத்து". இவ்வளவுதான் பேச்சு. குடும்ப ஜெபம் நின்றுவிட்டது. சபைக்கும் வருவதில்லை. தெருமுனை வரை கேட்கிற குரல் அம்மாவுக்கு என்று நீ கிண்டல் பண்ணுவாயே, அந்தக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

அதைத் தேடித்தான் ஒருநாள் அம்மா காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். நல்ல தாராளமாக. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். முதல் வாயிலேயே துப்பிவிட்டு, கரண்டியோடு துரத்துவாள், ஓட வேண்டும் என்று செருப்பைக்கூட மாட்டி வைத்திருந்தேன்.

அம்மா குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே முழுசும் குடித்து முடித்தாள்.

"காபி எப்படிம்மா?"

"நல்லாருக்கு."

டம்ளர் அடியில் மிச்சமிருந்ததை நான் வாயில் விட்டுப் பார்த்தேன். விழுங்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆன்ட்டி கீழேயிருந்து "நீரு, நீரு" என்று கத்துகிற வரைக்கும்.

அதற்கடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து பாஸ்டர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "பாஸ்டர், நான் ஆன்ட்டியை ஏமாத்தினதுக்குத்தான் அப்பாவை எடுத்துக்கிட்டாரா? அதுவா சிட்சை?"

அவர், "இரும்பை நெருப்புல போட்டாத்தான்மா..." என்று ஆரம்பித்தார்.

"பாஸ்டர், இந்த சபையில பாதிப் பேர் இரும்பு கம்பெனி. இரும்புக்கு அப்பா சாகறதில்ல."

கையிலிருந்த நாற்காலியை மறுபடி விரித்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார். "அதுக்காக இல்லம்மா. அது மட்டும் எனக்கு நிச்சயம். அப்ப எதுக்காகன்னு கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியல" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பெரியவர்களுக்கும் தெரியாது என்பது ஆறுதலா, இன்னும் பயமா அப்பா?

நடந்து வரும்போது உன்னை வைத்தே யோசித்தேன். வால்வில் பிசிறு இருந்தால் வால்வைத்தான் மெஷினில் போடுவார்கள். இன்ஸ்பெக்டரை உடைப்பார்களா? என் தப்புக்கு நீ ஒருநாளும் அம்மா காலரில் கிளிப் மாட்டியதில்லையே. உனக்கே தெரிந்த நியாயம் உன்னைப் படைத்தவருக்குத் தெரியாதா? அது வரைக்கும் யோசிக்க முடிந்தது. அதற்கு மேல் ஒரே இருட்டு.

போன மாதம் அறுப்பின் பண்டிகை வந்தது. வேப்பனப்பள்ளிக் குடும்பங்கள் கூடை கூடையாக மாங்காய் கொண்டுவந்தார்கள். ராகி மூட்டை, பூசணி, கால் கட்டிய கோழி, எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவிந்திருந்தன. ஆராதனை முடிந்து ஏலம். நம் சபையில் ஏலத்தின் உச்சம் என்ன என்று உனக்குத் தெரியுமே, மர்மப் பொட்டலம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஆண்டவர் பேரில் விலை ஏற்றுவார்கள். வருஷா வருஷம் யாராவது ஒரு குடும்பம் நல்ல பொருளாக வைத்து, பேர் சொல்லாமல் படைக்கும்.

இந்த வருஷம் படைத்தது நான். ஜிகினாத் தாள், ரிப்பன், மேலே ஒரு பிளாஸ்டிக் ரோஜா. உள்ளே உப்பு பாக்கெட்டுகள். கூடவே, 'நீங்கள் பூமிக்கு உப்பு' என்கிற வேத வசனத்தைத் திருகி ஒரு சீட்டு: 'பூமிக்கே உப்பு வேணுமாம், உங்களுக்கு வேணாமா?'

அத்தை வற்புறுத்தி இழுத்து வந்ததால் அம்மாவும் அன்று வந்திருந்தாள். பெண்கள் பக்கம், கடைசிப் பாயில்.

போட்டி ஏறிக்கொண்டே போய், கீபோர்டு வாசிக்கிற சாமுவேல் அங்கிள் எடுத்தார். மைக் முன்னாலேயே பிரித்தார். உப்பு பாக்கெட்டுகளைத் தூக்கிக் காட்டி, சீட்டை உரக்கப் படித்தார். பிறகு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நம் சபையில் இதற்கெல்லாம் விசாரணை தேவையில்லை.

"எனக்கே பி.பி., எனக்கு உப்பா!" என்று அங்கிள் கண்ணை உருட்டினார். எனக்கு உயிர் வந்தது. இதோ, இதோ ஒருவர் திட்டப் போகிறார். காலரை நிமிர்த்திக்கொண்டேன். ஆனால் அவர் முகம் இளகிவிட்டது. "செரி விடுங்க. பாவம், அப்பா இல்லாத புள்ள."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நான் சிவப்பு டப்பாவின் அடிக்கே போய்விட்டேன் அப்பா.

"யாரு பாவம்?"

கடைசிப் பாயிலிருந்து ஒரு குரல். தெருமுனை வரை கேட்கிற குரல்.

"யாருங்க பாவம்? ஆண்டவருக்குப் படைக்கற எடத்துல வெளையாடறா, பாவமாம்! ஏண்டி, கொழுப்பா? உங்க அப்பா இருந்தா வுட்டிருப்பாரா? அவரு இல்லன்னா கேக்க ஆளே இல்லன்னு நெனச்சியா? நான் என்னா செத்தா போயிட்டேன்?"

"வுடும்மா, சின்னப் புள்ள" என்று யாரோ கையைப் பிடித்தார்கள்.

"நீங்க சும்மா இருங்கக்கா. இது என் புள்ள." பாய்களை மிதித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "அன்னிக்குக் காபியில உப்பு போட்டதும் நீதான?"

"அது... உனக்குத் தெரியுமாம்மா?"

"எனக்கு நாக்கு இருக்குதில்ல!"

"அப்புறம் ஏம்மா குடிச்ச?"

அம்மா என் பக்கம் குனிந்தாள். "உன்னத் திட்டத் தெம்பு இல்லடி அப்ப" என்றாள். இது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

அப்புறம் மறுபடி ஆரம்பித்து வீடு வரைக்கும் திட்டினாள். பஸ் ஸ்டாப்பில் திட்டினாள், பஸ்ஸில் திட்டினாள், கண்டக்டர் சில்லறை கேட்டதற்கு அவரையும் சேர்த்துத் திட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போனாள். கொடியில் மஞ்சள் கிளிப் ஒன்றும் மிஞ்சவில்லை, வெயிலில் எல்லாம் உடைந்துவிட்டது. நீலத்தை எடுத்து வந்தாள். என் காலரைப் பிடித்தபோது உள்பக்கம் விரலில் ஏதோ தட்டியது. திருப்பிப் பார்த்தாள். வெளுத்துப்போன ஒரு மஞ்சள் கிளிப். உடை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி, உள்பக்கமாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இது என்னாது?"

"அப்பா போட்டது. ஆன்ட்டி தண்ணிக்கு. நான் அன்னிக்கே செரி பண்ணிட்டேம்மா. அப்பாதான் எடுக்க வரல."

அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுத்துவிட வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் காத்திருந்தேன் போல. கை கிளிப் வரைக்கும் வந்தது. கீறல் விழுந்த அந்த விரல்கள் அதைத் தொட்டன, பிறகு விலகிவிட்டன.

"இத நான் எடுக்க மாட்டேன் பாப்பா. போட்டவரு எடுக்கட்டும். என்னிக்காவது நாம அவரப் பாக்கத்தான போறோம்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நீலத்தைப் பக்கத்தில் மாட்டினாள். "இது நான் போடறது. அங்கிளுக்குப் போய் செரி பண்ணு."

சரிசெய்வது என்றால், ஏலம் எடுத்தவருக்கு நிஜமான பொருள் போய்ச் சேர வேண்டும். அடுத்த நாள் அம்மா முறுக்கு மாவு பிசைந்தாள். நீ போன பிறகு நம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறியது அதுதான் முதல் தடவை. முறுக்கு அச்சை என்னையே அழுத்த வைத்தாள், மணிக்கட்டு கழன்றுவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். அங்கிள் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மியா இருக்கே எஸ்தரு" என்றார். பாவம் என்று சொல்லவில்லை. எஸ்தர் என்றார்.

சாயங்காலம் அம்மா பாய் விரித்தாள். எதிரெதிரே உட்கார்ந்தோம். "செரி பண்ணிட்டியா?" உன் கேள்வி, உன் தொனி. தலையாட்டினேன். கண்ணை மூடி, "அன்பின் பரம பிதாவே" என்று ஆரம்பித்தாள். அந்த 'பிதாவே'யோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் அவளால் போக முடியவில்லை. நான் பிடித்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் இது, ஒரு வார்த்தை வரவில்லை. ஃபேன் சுற்றியது. கீழே ஆன்ட்டி மோட்டார் போட்டார்கள், பிறகு அதுவும் நின்றது.

கடைசியில் அம்மா நீலக் கிளிப்பைக் கழற்றி, என் தலையில் கை வைத்தாள். ஆமென்கூடச் சொல்லவில்லை. அந்த ஜெபம் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்குமா அப்பா? உனக்குக் கேட்டதா?

உன்னை எடுத்துக்கொண்டதற்குப் பேர் சிட்சையா, எனக்கு இன்னும் தெரியாது. யாராவது அப்படிச் சொன்னால் இன்னும் கோபம்தான் வருகிறது. அம்மா இன்னும் பாதி ராத்திரி எழுந்து உட்கார்கிறாள், என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. ஆனால் அன்றைக்குச் சபை நடுவில் அவள் என்னைத் திட்டியபோது, அவள் குரலுக்குப் பின்னால் இன்னொருவரும் என் காலரைப் பிடித்த மாதிரி இருந்தது. உன்னைவிடப் பெரிய கை, உன்னை மாதிரியே அடிக்காத கை. 'இது என் புள்ள' என்று அவரும் சொன்ன மாதிரி. எல்லோரும் என்னைச் சும்மா விட்டுவிட்டார்கள், அவர் விடவில்லை. இப்போதைக்கு எனக்கு இருக்கிற ஆறுதல் இவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கப் போகிறேன்.

உனக்கு ஒரு வாக்கு. கிளிப்பின் ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது, ஒருநாள் தானாகவே விட்டுவிடும். விட்டாலும் நூல் போட்டுக் கட்டிக்கொள்வேன், நானாகக் கழற்றி வைக்க மாட்டேன். நான் வரும்போது காலரில் அது இருக்கும். 'எப்படி இருக்கே' என்றெல்லாம் முதலில் கேட்காதே அப்பா. "செரி பண்ணிட்டியா?" என்று கேள்.

தலையாட்டுவேன்.

மஞ்சள் டப்பாவிலிருந்து,
உன் வாலு மகள்,
எஸ்தர்